கைசன் என்பது உண்மையில் என்ன?

தினமும் ஒரு சதவீதம் முன்னேறுங்கள், வருடக் கடைசியில் முப்பத்தேழு மடங்கு உயர்ந்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வரி வந்துவிடுகிறது. கீழே 'ஜப்பானியர்களின் கைசன் ரகசியம்' என்று போட்டிருப்பார்கள். கணக்கில் தப்பில்லை, 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வரும். ஆனால் அது கூட்டுவட்டிக் கணக்கு. கைசனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களிடம் கைசன் என்று சொல்லிப் பாருங்கள். "மாசத்துக்கு ரெண்டு ஷீட் எழுதிக் குடுக்கணும், அதுதானே?" என்பார்கள். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்தவன் நான். செய்த மாற்றத்தை எழுதிக் காட்டும் அந்த ஷீட்டை நானும் நிரப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் தன்னம்பிக்கைப் பேச்சு, இன்னொரு பக்கம் காகித வேலை. இரண்டுக்கும் நடுவில் அசல் விஷயம் காணாமல் போய்விட்டது. அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால், முதல் தடவை கேள்விப்படுகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

## முதலில் அந்தச் சொல்

ஜப்பானிய மொழியில் இதை இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதல் எழுத்துக்கு மாற்றுதல் என்று பொருள், இரண்டாவதற்கு நல்லது என்று பொருள். நல்லபடியாக மாற்றுவது கைசன். 'சன்' என்ற ஒலியைக் கேட்டுவிட்டு ஜென் பௌத்தத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஜென்னுக்கு எழுத்தே வேறு. தியானத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

ஜப்பானியர்களுக்கு இது சர்வசாதாரணச் சொல். சாப்பாட்டுப் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதும் கைசன்தான், வேலை நிலைமையைச் சீராக்குவதும் கைசன்தான். உலகம் முழுக்க இது ஒரு நிர்வாக முறையின் பெயராகப் பரவியது 1986-இல் மசாகி இமாய் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. அந்தப் பொருளில்தான் இங்கேயும் பேசப்போகிறோம்: வேலை செய்கிறவர்களே தங்கள் வேலை நடக்கும் முறையை விடாமல் சீர்செய்துகொண்டே போவது.

## வாசலருகே ஓர் ஆணி

காலை எட்டரை மணி. வண்டிச் சாவியைக் காணோம். வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. இதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று திட்டுவது: "ஒரு பொருளை வெச்ச இடத்துல வெக்கத் தெரியாதா?" இன்னொன்று, இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று சபதம் எடுப்பது. சபதம் நான்கு நாள் தாங்கும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் சும்மா நின்று கவனிப்பது. மனிதர் உள்ளே வருகிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் காய்கறி, முழங்கையில் ஹெல்மெட், விரலிடுக்கில் சாவி. காய்கறியை மேஜையில் போடுகிறார், தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கிறார், சாவி ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. மறுநாள் உள்ளே நுழையும்போதே போன் அடிக்கிறது, சாவி டி.வி. பக்கம் போய்விடுகிறது. அப்படியென்றால் சாவி காலையில் தொலையவில்லை. முந்தின நாள் சாயங்காலமே தொலைந்துவிட்டது.

இது தெரிந்த பிறகு ஆணியை எங்கே அடிப்பது என்பதும் தெரிந்துவிடும். ஹாலில் அழகான சாவி ஸ்டாண்ட் வாங்கி மாட்டினால் பிரயோஜனமில்லை. கை அங்கே போகும் முன்பே சாவி வேறெங்காவது இறங்கியிருக்கும். செருப்பு கழற்றும் இடத்தில், தோள் உயரத்தில், ஒரே ஓர் ஆணி போதும். அந்த ஆணியால் இன்னொரு லாபமும் உண்டு. ராத்திரி கதவைத் தாழிடும்போது ஆணி காலியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். காலை எட்டரைக்கு வர வேண்டிய பிரச்சினை பத்து மணி நேரம் முன்னதாகவே கண்ணில் படுகிறது.

இதில் என்னென்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரச்சினை பிறக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஆளைக் குறை சொல்லாமல் ஏற்பாட்டை மாற்றினோம். பொருளுக்கு ஒரு நிலையான இடம் வைத்தோம். அந்த நிலை பிசகினால் உடனே தெரிகிற மாதிரி செய்தோம். கைசனின் உடம்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

## அறுந்த நூலும் நின்ற தறியும்

பிசகு உடனே தெரிய வேண்டும் என்கிற யோசனை, கைசனுக்குப் பேர்போன டொயோட்டா கார் கம்பெனியின் குடும்பத்துக்கு, கார் செய்வதற்கு முன்பே வந்துவிட்டது. டொயோட்டா குழுமத்தின் மூலவர் சாகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924-இல் அவர் முடித்த 'ஜி' வகைத் தானியங்கித் தறியில் ஒரு விசேஷம் இருந்தது. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.

சாதாரணத் தறி, நூல் அறுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்ட துணி நெய்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்குப் பக்கத்திலும் ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். தறியே நிற்கக் கற்றுக்கொண்டதும் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார். டொயோட்டா மோட்டார் கம்பெனி 1937-இல் பிறந்தது.

தப்பு நேர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவது என்ற இந்தக் கொள்கைக்கு ஜிடோகா என்று பெயர். கார் அசெம்பிளி லைனில் அது ஒரு கயிறாக மாறியது. லைனில் நிற்கும் தொழிலாளிக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால், ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றாலும் போதும், தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். மணி ஒலிக்கும், மேலே இருக்கும் பலகையில் அவருடைய இடத்தின் விளக்கு எரியும். பலகைக்கு அந்தோன் என்று பெயர். பழைய ஜப்பானில் காகித விளக்குக்கு வழங்கிய சொல் அது. டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் தொடரும். முடியாவிட்டால் லைன் நிற்கும்.

ஒரு சாதாரணத் தொழிலாளி லைனை நிறுத்தலாம் என்பதை இங்கே ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் லைன் நின்றால் "யார் நிறுத்தினது?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே முதல் கேள்வி "என்ன ஆச்சு?" என்பது. அந்த ஒரு கேள்வி மாறாத இடத்தில் கைசன் பற்றிப் பேசுவதே வீண் என்று நான் நினைக்கிறேன்.

## ஜப்பானிய ரத்தத்தில் ஊறியதா?

இதையெல்லாம் கேட்டதும் "அவங்க ஊர் பழக்கம் அப்படி, நமக்கெல்லாம் வராது" என்று சொல்லிவிடுவது சுலபம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதுப் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேகமாக வேலை கற்றுக்கொடுக்கவும், கையிலுள்ள ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்தே முறையைத் திருத்தவும் அமெரிக்க அரசு ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்த ஜப்பானுக்கு அதே திட்டம் போனது. 1950-இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் டோக்கியோவில் தரக்கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார்; அவர் பெயரில் ஜப்பானியர்கள் 1951-இல் ஒரு பரிசே ஏற்படுத்தினார்கள். 1950-இல் டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. வேலைநிறுத்தம் வெடித்து, ஆட்குறைப்பு நடந்து, கீச்சிரோ பதவி விலகினார். அதே வருடம் அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையை அங்கிருந்து எடுத்து வந்து 1951-இல் டொயோட்டாவில் தொடங்கினார்கள்.

விதை வெளியூருடையது. அதை வருடக்கணக்காகத் தண்ணீர் விட்டு வளர்த்தது அவர்கள்.

அது திரும்ப வெளியூரில் முளைக்குமா என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஊரில் பதில் கிடைத்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை சண்டையும் லீவும் தரக்கேடுமாக இருந்து 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தில் 'நம்மி' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். பல பேரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அங்கே உருவான கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தது. ஆள் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை. வேலை நடக்கும் முறையும், தொழிலாளியை நடத்தும் முறையும் மாறியிருந்தன.

## படிக்கு ஓர் ஆப்பு

இனி உள்ளே இருக்கும் பொறியைப் பார்க்கலாம். அதில் முதல் பாகம், பலரும் விட்டுவிடுகிற பாகம், ஸ்டாண்டர்ட். ஒரு வேலையை இன்றைக்கு நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையில் செய்வது எப்படி என்று எழுதி வைத்துக்கொண்டு, எல்லோரும் அதே மாதிரி செய்வதுதான் ஸ்டாண்டர்ட்.

கைசன் என்றால் மாற்றம், ஸ்டாண்டர்ட் என்றால் மாறாமை. இரண்டும் எப்படிச் சேரும் என்று தோன்றலாம். ஒரு டீக்கடையில் மூன்று மாஸ்டர்கள் மூன்று விதமாக டீ போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் டீ கசக்கிறது. தூள் அதிகமா, கொதி அதிகமா, பால் மட்டமா? கண்டுபிடிக்க வழியே இல்லை. நேற்றுப் போட்டதும் இன்றைக்குப் போட்டதும் வேறு வேறு. மூவரும் ஒரே அளவில், ஒரே நேரக் கணக்கில் போடுகிறார்கள் என்றால், கசப்பு வந்த அன்றைக்கு எது மாறியது என்று தேடலாம். தூளைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்து, நன்றாக வந்தால் அதையே எல்லோருக்கும் புதிய அளவாக வைக்கலாம்.

திட்டமிடு, செய்து பார், சரிபார், நிலைநிறுத்து என்று இந்தச் சுற்றுக்கு நான்கு படி உண்டு. தொழிற்சாலைகளில் இதை, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, பி.டி.சி.ஏ. என்பார்கள். முதல் இரண்டைச் செய்துவிட்டு விட்டுவிடுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது. மேட்டில் ஏற்றிய வண்டிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்காவிட்டால் கீழே உருண்டுவிடும். அந்தக் கல்தான் புதிய ஸ்டாண்டர்ட்.

சுருக்கமாக: இன்றைய சிறந்த முறையை எழுதி வை, அதிலிருந்து பிசகுவதைக் கண்ணில் படச் செய், காரணத்தைத் தேடு, சின்னதாக மாற்றிப் பார், பலன் இருந்தால் எழுதி வைத்ததைத் திருத்து. பிறகு மறுபடி முதலிலிருந்து.

## ஐந்து தடவை ஏன்

காரணத்தைத் தேடு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதுதான் கஷ்டமான இடம். டொயோட்டா உற்பத்தி முறையைக் கட்டி எழுப்பிய தாய்ச்சி ஓனோ இதற்குச் சொன்ன வழி, 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்பது. அவர் கொடுத்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இயந்திரம் ஏன் நின்றது? சுமை அதிகமாகி ஃப்யூஸ் போய்விட்டது. சுமை ஏன் அதிகமானது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, உலோகத் தூள் உள்ளே போய்விட்டது.

முதல் 'ஏன்' முடிந்ததும் நிறுத்தியிருந்தால் ஃப்யூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். சில மாதத்தில் மறுபடி போயிருக்கும். மூன்றாவதில் நிறுத்தியிருந்தால் புது பம்ப் வாங்கியிருப்போம், அதுவும் தேய்ந்திருக்கும். ஐந்தாவதில் கிடைத்தது ஒரு வடிகட்டி. எண்ணிக்கை ஐந்துதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஐந்து பதிலிலும் ஒரு மனிதரின் பெயர் வரவில்லை. "ஆபரேட்டர் கவனிக்கல" என்று பதில் வந்துவிட்டால் விசாரணை அங்கேயே செத்துப்போகும். அவர் ஏன் கவனிக்க முடியவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் உயிர் பிழைக்கும்.

## இரண்டு ஸ்பிரிங்குக்கு ஒரு சின்னத் தட்டு

எனக்கு மிகவும் பிடித்த கைசன் இது. 1961-இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற தொழிற்பொறியாளர் யமடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலைக்குப் போனார். அங்கே ஒரு சின்ன ஸ்விட்சைச் சேர்க்கும் வேலை. ஆன் பொத்தானுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஆஃப் பொத்தானுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். பெரிய டப்பாவில் நூற்றுக்கணக்கில் ஸ்பிரிங் கிடக்கும். தொழிலாளி எடுத்து எடுத்துப் போட வேண்டும். எப்போதாவது ஒரு ஸ்பிரிங் விட்டுப்போகும். வாங்கியவர்களிடமிருந்து புகார் வரும். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு எச்சரிப்பார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு மறுபடி விட்டுப்போகும்.

ஷிங்கோ சொன்ன மாற்றம்: முன்னால் ஒரு சின்னத் தட்டு வை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் முதலில் டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போடு. பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. முடிந்ததும் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் விட்டுப்போயிற்று என்று அர்த்தம், அப்போதே பொருத்திவிடலாம். வாசலில் அடித்த ஆணி மாதிரிதான். 'ஞாபகமாக இரு' என்ற சுமையை மனிதர் தலையிலிருந்து இறக்கித் தட்டில் வைத்துவிட்டார்.

தப்பு நேர விடாத இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர் இருந்தது. முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று பொருள். 1963-இல் அரகாவா என்ற கார்க்கூடு செய்யும் தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளி, தன் இடத்தில் இதைப் பொருத்தியதும், நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ அந்தப் பெயரையே மாற்றினார். 'போகா-யோகே' என்று வைத்தார். 'போகா' என்றால் யாருக்கும் நேரக்கூடிய கைத்தவறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். எல்லா மனிதருக்கும் கவனம் சிதறும், அதற்கு ஏற்றபடி வேலையை அமைப்பது நம் பொறுப்பு என்பது அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கிறது.

## வீண் எங்கே ஒளிந்திருக்கிறது

எதை மாற்றுவது என்று தேட ஒரு கண்ணாடி வேண்டும். அதற்கு அவர்கள் முடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: செலவு பிடிக்கும், ஆனால் வாங்குகிறவருக்கு எந்தப் பயனும் தராத எல்லாமே முடா. ஓனோ ஏழு வகை சொன்னார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளைத் தூக்கிக்கொண்டு அலைவது, தேவையில்லாத வேலைப்பாடு, தேங்கிக் கிடக்கும் சரக்கு, வீண் உடல் அசைவு, பழுதான பொருள்.

இதில் ஓனோ முதலாவதைத்தான் மிக மோசமானது என்றார். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அதிகமாகச் செய்தால் நல்லதுதானே? ஒரு இயந்திரம் துளை போடுகிறது, அடுத்தது அதில் மரை போடுகிறது. நடுவில் 500 உருப்படி குவிந்திருக்கிறது. முதல் இயந்திரம் துளையைத் தப்பாகப் போட ஆரம்பித்தால், இரண்டாவது ஆளுக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் 500-ம் கெட்டிருக்கும். நடுவில் ஐந்தே உருப்படி இருந்தால் சில நிமிடத்தில் குரல் கொடுப்பார். தேவைக்கு மேல் செய்த சரக்கு, மற்ற எல்லாத் தப்பையும் போர்வை போட்டு மூடிவிடுகிறது.

முடாவோடு இன்னும் இரண்டு சொல் வரும். மூரா என்றால் ஏற்றத்தாழ்வு: மாசம் முழுக்க மந்தமாக ஓடிவிட்டுக் கடைசி ஐந்து நாளில் ராப்பகலாகத் தள்ளுவது. மூரி என்றால் மனிதருக்கோ இயந்திரத்துக்கோ சக்திக்கு மீறிய சுமை. வீணைக் குறைக்கிறேன் என்று சொல்லி மூரியை ஏற்றினால் அது கைசன் ஆகாது.

## நான்கு மணி நேரம், தொண்ணூறு நிமிடம், மூன்று நிமிடம்

சின்னச் சின்ன மாற்றம் என்றால் பலனும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் விசையில் தகட்டை அழுத்தும் ஒரு பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. டை என்பது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு. ஷிங்கோவும் அங்கிருந்தவர்களும் உட்கார்ந்து, பிரஸ் நின்ற பிறகே செய்ய முடிகிற வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ள முடிகிற வேலை எது என்று பிரித்தார்கள். அடுத்த அச்சை முன்கூட்டியே பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது, போல்ட்டுகளை எடுத்து வைப்பது எல்லாம் ஓடும்போதே செய்யலாம். நேரம் தொண்ணூறு நிமிடமானது.

பிறகு, இதையே மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. இம்முறை நின்ற பிறகு செய்கிற வேலைகளையே ஒவ்வொன்றாக ஓடும்போது செய்கிற வேலைகளாக மாற்றும் வழியைத் தேடினார்கள். சில மாதத்தில் மூன்று நிமிடத்துக்கு வந்தது. கல்யாணப் பந்தியில் அடுத்த பந்திக்கு இலை, தண்ணீர், பரிமாறும் வாளி எல்லாம் முந்தின பந்தி சாப்பிடும்போதே தயாராக நிற்குமே, அதே யோசனைதான்.

## எங்கே கெட்டுப்போகிறது

என் பழைய கம்பெனியில் ஆளுக்கு மாதம் இரண்டு கைசன் என்று இலக்கு வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் ஷீட்டுகள் குவியும். "குப்பைத் தொட்டியை இடம் மாற்றியது" என்று ஒருவர் எழுதுவார், அடுத்த மாதம் இன்னொருவர் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அதையும் எழுதுவார். எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது. அதே லைனில் வருடக்கணக்காக எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்த ஒரு கன்வேயரைப் பற்றி ஒரு ஷீட்கூட வரவில்லை; சொன்னால் நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய விஷம் பயம். ஐந்து பேர் செய்யும் வேலையை நாலு பேர் செய்ய வழி கண்டுபிடித்தால் ஐந்தாவது ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால், எந்தப் புத்திசாலி வாயைத் திறப்பார்? ஃப்ரீமான்டில் இதற்கு ஒப்பந்தத்திலேயே உறுதி கொடுத்திருந்தார்கள். எண்பதுகளின் பிற்பாதியில் விற்பனை படுத்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல், பயிற்சியிலும் கைசன் வேலையிலும் உட்கார வைத்தார்கள். அப்படி ஒரு காப்பு இல்லாமல் தொழிலாளியிடம் யோசனை கேட்பது அநியாயம்.

ஜப்பானிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு தொழிலாளர்கள் குழுவாக உட்கார்ந்து தரப் பிரச்சினைகளைப் பேசும் 'தர வட்டம்' என்ற வழக்கம் 1962 முதல் பரவியது. அதைச் சொந்த விருப்பத்தில் செய்வதாகவே பல காலம் கணக்கு வைத்திருந்தார்கள். 2002-இல் முப்பது வயதான ஒரு டொயோட்டா ஊழியர் வேலையிடத்திலேயே சரிந்து இறந்தார். 2007-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் அது அதிக வேலையால் நேர்ந்த மரணம் என்று ஏற்றது. தர வட்ட நேரமும் வேலை நேரத்தில் சேரும் என்றது. அடுத்த வருடம் டொயோட்டா அந்த நேரத்துக்கும் ஓவர்டைம் கொடுக்க முன்வந்தது. யோசிப்பதும் வேலைதான். அதற்குச் சம்பளம் உண்டு.

## பாடியிலும் கொழும்பிலும்

டெமிங் பெயரிலான அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, வருடம் 1998. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. அதன் பிறகு சென்னையைச் சுற்றிய உதிரிபாகக் கம்பெனிகளில் இந்தச் சொற்கள் எல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

கொழும்பில் நடந்தது இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அது ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. காசல் வீதிப் பெண்கள் மருத்துவமனையில் 2000-இல் 'ஐந்து எஸ்' முறையில் தொடங்கினார்கள். வேண்டாததைக் கழித்தல், இருப்பதற்கு இடம் ஒதுக்கல், துடைத்துச் சுத்தமாக வைத்தல், அதை எங்கும் ஒரே சீராக்கல், பழக்கமாக்கல் என்ற ஐந்துக்குமான ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் 'எஸ்' எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். நம் அஞ்சறைப்பெட்டி அதில் இரண்டாவதற்கு நல்ல உதாரணம்: கடுகு எங்கே என்று இருட்டிலும் கை போகும். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு மருந்துத் தட்டை எடுக்கும் கைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கைசனுக்குப் போனார்கள். 2007 முதல் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா இந்த ஆஸ்பத்திரியையே மாதிரியாகக் காட்டி ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இதைக் கொண்டுபோனது.

## நாளைக்குத் தொடங்குவதென்றால்

பயிற்சி வகுப்போ பேனரோ வேண்டாம். வேலை நடக்கும் இடத்துக்கு கெம்பா என்று பெயர். ஓனோ தன் ஆட்களைக் கெம்பாவில் சாக்பீஸால் வரைந்த வட்டத்துக்குள் மணிக்கணக்கில் நிற்க வைத்து, என்ன பார்த்தாய் என்று கேட்பாராம். அரை மணி நேரம் நின்றாலே நிறையத் தெரியும். பிறகு அங்கே வேலை செய்கிறவரிடம், உங்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது என்று கேளுங்கள். எப்படி உற்பத்தியைக் கூட்டலாம் என்று கேட்க வேண்டாம். அது உங்கள் தொந்தரவு, அவருடையது வேறு.

நான் அப்படி முதல் தடவை கேட்டது பேக்கிங்கில் பதினாலு வருடமாக இருந்த ஓர் அக்காவிடம். கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "இந்தப் பெட்டி தரையில இருக்குல்ல தம்பி, ஒவ்வொரு பீஸுக்கும் குனியணும். சாயங்காலம் இடுப்பு கழண்டுடும்" என்றார். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை தடவை குனிகிறார் என்று பக்கத்தில் நின்று எண்ணினேன்; அறுநூறைத் தாண்டியது. வெல்டிங் பிரிவில் சொல்லி, கழித்துப்போட்ட பைப்பில் அன்றைக்குச் சாயங்காலமே ஒரு ஸ்டாண்ட் அடித்து வாங்கி, அவர் இடுப்பு உயரத்துக்குப் பெட்டியைத் தூக்கி வைத்தோம்.

மறுநாள் காலையில் நான் கேட் தாண்டி உள்ளே வருவதற்குள் அவரே எதிரில் வந்தார். "தம்பி, அந்த டேப் ரோல் இருக்குல்ல, அதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.